மேலே கண்ணாடி மாதிரி, உள்ளுக்க சுரங்கம்: உராய்வு ஒட்டில எங்க பிழை விடுறன்?

பரந்தன்_பட்டறை எழுதியது:

வணக்கம் உறவுகளே. பரந்தன் சந்தியில இருந்து முல்லைத்தீவு றோட்டால கொஞ்சத் தூரம் வந்தால் எங்கட பட்டறை. அப்பாவின்ர லேத், ஒரு பழைய நிலைக்குத்து மில்லிங் மெசின், ஒரு டிறில், ரெண்டு வெல்டிங் பிளான்ட். அப்பாவோட சேந்து இப்ப நான்தான் வேலை செய்யிறன். உழவு மெசின் சாமான், நீர்ப்பம்பித் தண்டு, அறுவடை மெசினின்ர புல்லி எண்டு வாற எல்லாம் கடையிறனாங்கள்.

இப்ப கேக்கிறது அலுமினிய வேலை. முல்லைத்தீவுக் கரையில மீன் எடுக்கிற வியாபாரி ஒருத்தர் தன்ர சின்ன லொறிக்கு ஐஸ் பெட்டி கேட்டார். சுவர் மெல்லிசா இருக்கலாம், தரை மட்டும் 6 மி.மீ. வேணும். ஐஸ் அள்ளிற சவள் அடிக்கிற அடிக்கு மெல்லிசு நிக்காது. எனக்குக் கிடைச்ச தகடு 200 மி.மீ. அகலத் துண்டுகள், கப்பல் வேலைக்கு எடுக்கிற 5083 எண்ட அலுமினியக் கலவை எண்டு தந்தவர் சொன்னார். ஒண்டோட ஒண்டைக் கரைக்குக் கரை ஒட்டித்தான் தரை ஆக்கோணும். முதல் டிக்கில, அதாவது ஆகன் வாயுவை அடிச்சுக்கொண்டு கரண்ட் பொறியில உருக்கிற முறையில, ஒட்டினன். ஆகன் சிலிண்டரை வவுனியாவில இருந்து ஏத்திற செலவை விடுங்கோ, 700 மி.மீ. நீளம் ஒட்டி முடியத் தகடு பப்படம் மாதிரி வளைஞ்சு நிக்குது. ஒட்டுக்குள்ள குமிழ் வேற. தரைக்குக் கீழ குளிர் போகாமல் வைக்கிற வெள்ளை ரெஜிபோம். ஐஸ் உருகின தண்ணி அதுக்குள்ள இறங்கினால் மணக்கத் தொடங்கும், பிறகு குளிரும் நிக்காது. ஒரு வியாபாரிக்கு அதுதான் நட்டம்.

அப்பத்தான் உராய்வுக் கலக்கல் ஒட்டைப் பற்றி வாசிச்சன். உருக்கிறதே இல்லை. ஒரு சுழலுற கருவியை ரெண்டு தகடும் முட்டிற கோட்டில இறக்கி, அழுத்தி, மெதுவா ஓட்டினால் உரசிற சூட்டில அலுமினியம் தொதல் மாதிரி இளகும். நடுவில நிக்கிற சின்ன முளை அதைக் கிண்டும். மேல இருக்கிற அகலமான தோள் அதை வெளிய வழியவிடாமல் அமத்தும். ஆகனும் வேண்டாம், ஒட்டுக்கம்பியும் வேண்டாம். உருகாதபடியால் குமிழும் வராது, வளைவும் மிச்சம் குறைவு. மில்லிங் மெசின் இருக்கிற பட்டறைக்கு இது கையெட்டின தூரம்தானே எண்டு நினைச்சன்.

கருவியை நானே கடைஞ்சன். உழவு மெசினின்ர உடைஞ்ச அரை அச்சில இருந்து வெட்டி எடுத்த இரும்பு. தோள் 20 மி.மீ., முளை 6 மி.மீ. தடிப்பு, 5 மி.மீ. நீளம். படங்களில முளையில புரி இருந்தது, நானும் சாதாரண வலப்புரி போட்டன். மெசின் மணிக்கூட்டுத் திசையில நிமிடத்துக்கு 660 சுற்று. மேசையைக் கையாலதான் ஓட்டினன், தானா ஓட்டிற கியர் நாங்கள் வாங்கேக்கயே உடைஞ்சது. கைச்சில்லு ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. போகும். ரெண்டு செக்கனுக்கு ஒரு சுற்று மாதிரி சுத்தினன், அப்ப நிமிடத்துக்கு 150 மி.மீ. வரும்.

மேற்பரப்பைப் பாத்தால் உங்களுக்கும் ஆசை வரும். மீன் செதில் மாதிரி நுணுக்கமான வளையங்கள், மினுங்குது. சந்தோசத்தில மூண்டு ஒட்டு ஒட்டிப் போட்டன். அப்பா மண்ணெண்ணெய்ச் சோதனை செய்யச் சொன்னார். மேற்பக்கம் சுண்ணாம்பு கரைச்சுப் பூசிக் காயவிட்டு, தகட்டைக் கவிழ்த்து, கீழ்ப்பக்கக் கோட்டில மண்ணெண்ணெய் தடவினம். பத்து நிமிசத்தில சுண்ணாம்பில ஈரம் தெரிஞ்சுது. ஆனால் நான் தடவின இடத்துக்கு நேரே இல்லை. அரை மீற்றருக்கு அங்கால, கருவியைத் தூக்கின இடத்தில நிக்கிற துளையடியில!

வாளால குறுக்க வெட்டிப் பாத்தன். கீழ்ப் பாதியில, ஒரு கரைப் பக்கமாக, ஈர்க்குத் தடிப்பில ஓட்டை. முழு நீளத்துக்கும் போகுது. மூண்டு ஒட்டிலயும் அதே பக்கம். நாலாவதில ஓட்டிற திசையை மாத்தினன், ஓட்டை மற்றப் பக்கம் போயிட்டுது. அஞ்சாவதில முளை அடியோட முறிஞ்சு தகட்டுக்குள்ள நிண்டுட்டுது.

இன்னொண்டும் சொல்லோணும். 2009க்குப் பிறகு அப்பாவுக்கு இடது காது கேக்காது, வலது அரைவாசிதான். கரண்ட் இல்லாத காலத்தில லிஸ்டர் எஞ்சினில பட்டி பூட்டி லேத் ஓட்டினவர். எஞ்சின் மூச்சு வாங்கிறதைக் கேட்டுத்தான் எவ்வளவு ஆழம் வெட்டலாம் எண்டு பிடிப்பாராம். இப்ப கேக்காதபடியால் மெசினின்ர தூணில உள்ளங்கையை வைச்சுக்கொண்டு நிப்பார். ரெண்டாவது ஒட்டு நடுவில போகேக்க, "பிள்ளை, இப்ப அது வெறுமையாச் சுத்துது" எண்டார். நான் மேற்பரப்பைப் பாத்து, எல்லாம் வடிவாத்தானே போகுது எண்டு விட்டிட்டன். வெட்டிப் பாத்தால் அவர் சொன்ன இடத்தில இருந்துதான் ஓட்டை பெருத்திருக்கு.

என்ர கேள்விகள்: ஓட்டை ஏன் ஒரே பக்கம் வருது? முளையை என்ன வடிவத்தில, எந்த இரும்பில செய்யோணும்? மேற்பரப்பை நம்பேலாது எண்டால், ஒட்டிக்கொண்டு போகேக்கயே உள்ளுக்க சரியோ பிழையோ எண்டு அறிய என்ன வழி?

————

சிக்கா_போடுங்கோ எழுதியது:

தங்கச்சி, இவ்வளவு கஷ்டம் எதுக்கு? கீழ்ப்பக்கக் கோட்டில நல்ல சீலன்ட் ஒண்டு இழுத்துவிட்டால் தண்ணி இறங்காது. நான் ரெண்டு பெட்டிக்கு அப்பிடித்தான் செய்தனான்.

————

பரந்தன்_பட்டறை எழுதியது:

நன்றி அண்ணை. புதுப் பெட்டிக்கு அது நிக்கும். தரையில சவள் அடிபட, லொறி குலுங்க, ஓட்டை இருக்கிற ஒட்டு வெடிச்சு விரியும். அப்ப சீலன்டும் கிழியும். அந்த மனுசன் திரும்பி வரேக்க பெட்டி நிறைய மீன் இருக்கும். ஒட்டையே திருத்தப் பாக்கிறன்.

————

வடகடல்_தமிழன் எழுதியது:

பிள்ளை, வாசிக்கச் சந்தோசமாக் கிடந்தது. என்ர ஊர் முள்ளியவளை. இப்ப இருக்கிறது நோர்வே. கப்பலுக்கு அலுமினியத் தளப் பலகை செய்யிற ஆலையில இந்த ஒட்டு மெசினடியில பதினாலு வருசம் நிண்டனான். நீங்கள் எழுதினதிலேயே அரைவாசி மறுமொழி இருக்கு.

முதல் அந்த ஒரே பக்கம். மேல இருந்து பாக்கேக்க கருவி மணிக்கூட்டுத் திசையில சுத்துது, உங்களை விட்டு முன்னுக்குப் போகுது எண்டு வையுங்கோ. இடது கரையில கருவியின்ர விளிம்பும் முன்னுக்குப் போகுது, கருவியும் முன்னுக்குப் போகுது. அது முன்னேறுங் கரை. வலது கரையில விளிம்பு பின்னுக்கு வருது, அது பின்வாங்குங் கரை. முளை முன்னால இருக்கிற உலோகத்தை வாரி, பின்வாங்குங் கரைப் பக்கத்தால சுத்திக் கொண்டுபோய்த் தனக்குப் பின்னால விடும். கடைசியா நிரம்பிற இடம் முன்னேறுங் கரையின்ர கீழ்ப் பக்கம். சூடு காணாட்டி, அழுத்தம் காணாட்டி, ஓட்டம் கூடினால், அந்த மூலைக்கு உலோகம் வந்து சேராது. அதுதான் உங்கட சுரங்கம். திசையை மாத்தின உடன கரையும் மாறினது அதாலதான்.

ரெண்டாவது, உங்கட புரி. இதைத்தான் நான் முக்கியமாச் சொல்லுவன். டிறில் பிற் மணிக்கூட்டுத் திசையில சுத்தி சீவலை மேல இழுத்து எடுக்கிறதை நாள் முழுக்கப் பாக்கிறீங்கள். வலப்புரி போட்ட முளையும் அதே வேலையைத்தான் செய்யுது. இளகின அலுமினியத்தைக் கீழ இருந்து மேல ஏத்தித் தோளடியில பிசிறாத் தள்ளுது. கீழ வெறுமையாகுது. மணிக்கூட்டுத் திசையில சுத்திற மெசினுக்கு இடப்புரி வேணும், அப்பத்தான் உலோகம் கீழ அமரும்.

மூண்டாவது நீளம். 6 மி.மீ. தகட்டுக்கு 5 மி.மீ. முளை எண்டால் அடியில கிட்டத்தட்ட 1 மி.மீ. ஒட்டவே இல்லை, சும்மா முட்டிக்கொண்டு கிடக்கு. மண்ணெண்ணெய் அந்த வெடிப்பால ஏறி, சுரங்கத்துக்குள்ள போய், சுரங்கம் திறக்கிற ஒரே இடமான முடிவுத் துளையால வந்திருக்கு. 5.8 செய்யுங்கோ. 6 தாண்டினால் அடித்தகட்டைச் சுரண்டி அதோட ஒட்டிப் போடும்.

நாலாவது தோள். 20 மி.மீ. உங்கட மெசினுக்குப் பெரிசு. எங்கட ஆலை மெசின் தொன் கணக்கில அமத்தும், அதுக்கெண்டே கட்டினது. மில்லிங் மெசின் பக்கவாட்டில வெட்டப் பிறந்தது. அவ்வளவு பாரத்தை மேல இருந்து குடுத்தால் மேசை அமரும், ஸ்பிண்டில் பெயரிங் போகும். 20 மி.மீ. வட்டத்தின்ர பரப்பு 314 சதுர மி.மீ., 15 மி.மீ. வட்டத்துக்கு 177. தேவைப்படுற அழுத்தமும் முறுக்கும் நல்லாக் குறையும். தோளின்ர அடியைத் தட்டையா விடாமல் நடுவுக்குப் போகப் போகக் கிண்ணம் மாதிரி 7, 8 பாகை குழிச்சு விடுங்கோ. முளை இறங்கேக்க இடம்பெயர்ற உலோகம் அந்தக் குழிக்குள்ள நிக்கும். வெளிய வழியாது.

முளை முறிஞ்சதுக்கு இரும்பும் காரணம், வடிவமும் காரணம். ஒட்டு நடக்கிற இடத்தில 400, 500 பாகை சூடு வரும். அரை அச்சு இரும்பு அந்தச் சூட்டில தன்ர வலுவை விட்டிடும். நாங்கள் பாவிக்கிறது எச் 13, சூட்டு வேலைக்கான கருவி இரும்பு. 5 வீதமளவில குரோமியம், அதோட மொலிப்டினம், வனேடியம். அதைப் புதுசா வாங்கத் தேவையில்லை. யன்னல் கதவுக்கு அலுமினியச் சட்டம் பிதுக்கி எடுக்கிற ஆலையள் இருக்கெல்லோ? அவையின்ர அச்சுகள் அனேகமா எச் 13தான். தேய்ஞ்ச அச்சு பழைய இரும்புக்குப் போகும். ஒண்டு தேடி எடுங்கோ. பிறகு முளை தோளோட சேர்ற மூலையைக் கூரா விடாதேங்கோ. ஒரு மி.மீ. வளைவு குடுங்கோ. அடி 7, நுனி 5 எண்டு கூம்பாக் கடையுங்கோ, முறியிற இடம் தடிப்பா நிக்கும்.

இந்த ஒட்டு 1991இல இங்கிலாந்தில, கேம்பிறிட்ஜுக்குப் பக்கத்தில இருக்கிற வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தில பிறந்தது. முதல் முதல் காசுக்கு விக்கிற பொருளில பாவிச்சது எங்க தெரியுமோ? 1990களின்ர நடுவில, இஞ்ச ஸ்கண்டிநேவியாப் பக்கம், மீன்பிடிக் கப்பலில மீனை உறைய வைக்கிற அலுமினியப் பலகைக்கு. ரொக்கற் தாங்கி, றெயில் பெட்டி எல்லாம் அதுக்குப் பிறகு. மீன் பெட்டிக்கு இதைத் தேடிப் பிடிச்ச உங்களுக்கு அதைச் சொல்லாமல் விட மனம் வரேல்லை.

————

அறிவியல்நகர்_பொறி எழுதியது:

அக்கா, நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். அண்ணை கருவியைப் பற்றி முழுக்கச் சொல்லிட்டார். நான் உங்கட மூன்றாவது கேள்விக்கு வாறன்.

மில்லிங் மெசினில் நீங்கள் கட்டுப்படுத்துறது உயரத்தை. மேசையை ஒரு உயரத்தில் பூட்டிவிட்டு ஓட்டுறீங்கள். ஆனால் ஒட்டுக்குத் தேவை அழுத்தம். தகடு 0.2 மி.மீ. தாழ்ந்த இடத்தில் தோள் தூக்கும், அழுத்தம் விழும், உள்ளே சுரங்கம் தொடங்கும். உயர்ந்த இடத்தில் தோள் ஆழமாகப் புதையும், பிசிறு தள்ளும். பெரிய மெசின்கள் அழுத்தத்தை அளந்து தாங்களே உயரத்தைத் திருத்தும். உங்களிட்ட அது இல்லை. ஆகவே உயரம் மாறவே விடாத மாதிரித் தகட்டைப் படுக்க வைக்கோணும்: தடிப்பான இரும்பு அடித்தகடு, கோட்டுக்குக் கிட்டக் கிட்ட கிளாம்ப், ஒட்டுவதற்கு முன் முழு நீளத்துக்கும் டயல் கேஜ் (உயர வித்தியாசத்தை முள்ளில் காட்டுற அளவி) ஓட்டிப் பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் நிக்க வேணும். பக்கவாட்டிலும் இறுக்குங்கோ, முளை இறங்கும்போது தகடுகளை விலத்தப் பாக்கும். தடிப்பின்ர பத்தில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளி விட்டால் நிரப்ப உலோகம் காணாது.

சரிவைப் பற்றி நீங்கள் எழுதேல்லை. தலையைச் சரிக்கிற மெசின் எண்டால் ஓடுற திசைக்குப் பின்புறமாக 2 பாகை சரியுங்கள். தோளின்ர முன்விளிம்பு தூக்கி, பின்விளிம்பு அமத்தும். 15 மி.மீ. தோளுக்குக் கணக்குப் பாத்தால் பின்விளிம்பு நடுவைவிட 0.26 மி.மீ. கீழே நிக்கும். தோளின்ர நடு தகட்டு மட்டத்தில் இருக்கிற மாதிரி இறக்கினால் அமத்தலும் சரி, 5.8 முளைக்குக் கீழே மிஞ்சிறதும் 0.2தான்.

5083 பிடிவாதமான கலவை. 6061 எண்ட மற்ற அலுமினியக் கலவை மாதிரி வேகமாக ஓட விடாது. தொடங்க நிமிடத்துக்கு 400 முதல் 600 சுற்று, ஓட்டம் நிமிடத்துக்கு 50 முதல் 100 மி.மீ. எண்டு வையுங்கள். தனித்தனி எண்ணைவிட ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. போகுது எண்டதைப் பாருங்கள். உங்கட 150ஐ 660ஆல் பிரிச்சால் 0.23. அது சராசரி மட்டும்தான். கையால் சுத்தும்போது ஒரு செக்கன் வேகமாகவும் அடுத்த செக்கன் மெதுவாகவும் போகும். அந்த ஒரு செக்கனில் கருவி பதினொரு தரம் சுத்தி முடிஞ்சிடும். கை ஓட்டத்தை விடுங்கோ.

இப்ப அப்பாவின்ர கை. அவர் சொன்னது முழுக்க உண்மை, அளக்கக் கூடியதும். முளைக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் அதைச் சுத்தி வாற உலோகத்தின் ஓட்டம் தடுமாறும், கருவியில் வாற விசை சுற்றுக்குச் சுற்று ஒழுங்கில்லாமல் ஆடும். விசையின்ர அந்த மெதுவான ஆட்டத்தை வைச்சே சுரங்கத்தைக் கண்டுபிடிக்கிற முறைகளை ஆய்வுகளில் செய்து காட்டியிருக்கினம். உங்களிட்ட விசை அளக்கிற கருவி இல்லாட்டியும் மோட்டர் இருக்கு. முறுக்கு குறைஞ்சால் மோட்டர் இழுக்கிற கரண்ட் குறையும். ஒரு வயரில் கிளாம்ப் மீற்றரை (வயரை வெட்டாமல் கவ்வி ஆம்பியர் காட்டுற மீற்றர்) கொழுவி, ஒட்டு ஓடும்போது போனில் வீடியோ எடுங்கள். எந்த மி.மீ.யில் ஆம்பியர் விழுந்ததோ அந்த இடத்தை வெட்டிப் பாருங்கள்.

வெட்டுமுகத்தை எமரி பேப்பரில் 1000 நம்பர் வரை தேய்ச்சு, கோஸ்டிக் சோடாக் கரைசலில் வைச்சால் கலக்கின பகுதி வெங்காய வளையம் மாதிரித் தெரியும். கையுறை, கண்ணாடி போடுங்கோ. ஐதரசன் வரும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

————

பரந்தன்_பட்டறை எழுதியது:

மூண்டு கிழமை கழிச்சு எழுதிறன். எல்லாருக்கும் நன்றி. சொன்ன எல்லாத்தையும் செய்து பாத்துப்போட்டுத்தான் வாறன்.

அச்சு கிடைச்சுது. பழைய இரும்பு எடுக்கிற ஒருத்தர் சாப்பாட்டுப் பீங்கான் அளவு வட்டம் ஒண்டு கொண்டுவந்து தந்தார். எச் 13 எண்டு எழுதியிருக்கேல்லை, அரத்தால உரசினால் அரம் வழுக்குது. அப்பா வழக்கமாச் செய்யிற மாதிரிச் சிவக்கக் காய்ச்சி உமிச்சாம்பலுக்க ஒரு இரவு புதைச்சார். விடிய எடுத்துப் பாத்தம், ஒரு துளியும் இளகேல்லை. இந்த இரும்பு காத்தில ஆறினாலே இறுகிற சாதி, உமிச்சாம்பல் அதுக்குக் காணாது, அடுப்போட சேத்து மணிக்கணக்கா ஆறவிடோணும் எண்டு பிறகுதான் அறிஞ்சம். அப்பிடி அடுப்பு எங்களிட்ட இல்லை. அப்பா பிடிவாதமா கார்பைட் முனை பூட்டி, குறைஞ்ச சுற்றில, 0.1, 0.2 எண்டு சீவிச் சீவியே கடைஞ்சார். ஒரு கருவிக்கு ஒண்டரை நாள். 2008 கடைசியில நாங்கள் விட்டிட்டுப் போய், திரும்பி வந்து பாக்கேக்க வேலைத்துண்டைப் பிடிக்கிற சக் இல்லாமல் மெசின் அடிக்கட்டில் மட்டும் கிடந்த அதே லேத்தில.

அந்தக் கடினத்தில இடப்புரி வெட்டேலாமல் போச்சு. ரெண்டு முனை உடைஞ்சுது. புரியை விட்டிட்டு, கூம்பு முளையைச் சுத்தி மூண்டு பக்கம் கிறைண்டரில சமமாத் தட்டையாக்கினன். வடகடல் அண்ணை, நீங்கள் புரிதான் வேணும் எண்டனீங்கள், ஆனால் தட்டை வைச்ச முளையும் நல்லாக் கிண்டுது. ஒரு சுற்றுக்கு மூண்டு தரம் உலோகத்தை உதைக்கிற மாதிரி. தோள் 15, முளை 5.8, அடி 7, நுனி 5, மூலையில 1 மி.மீ. வளைவு.

ஓட்டத்துக்கு, கழிச்சு விட்ட லொறி ஒண்டின்ர வைப்பர் மோட்டர் எடுத்தன். நிமிடத்துக்கு 48 சுற்று வருது. அதில 16 பல்லுச் சைக்கிள் சில்லு, மேசைக் கைச்சில்லில 48 பல்லு, நடுவில சைக்கிள் செயின். அப்ப கைச்சில்லு 16 சுற்று, மேசை நிமிடத்துக்கு 80 மி.மீ. ஸ்பிண்டிலுக்கு 325, 660 எண்டுதான் புல்லி இருக்கு, நடுவில ஒண்டும் இல்லை. கரண்டின்ர ஹேர்ட்சை மாத்தி மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வி.எஃப்.டி. பூட்டி 38 ஹேர்ட்சில ஓட்டினால் 500 வருது. 80ஐ 500ஆல பிரிச்சால் 0.16.

ஆம்பியர் வி.எஃப்.டி.யின்ர முகத்திலேயே தெரியுது. சும்மா சுத்தேக்க 2.2, ஒட்டு ஓடேக்க 3.6க்குக் கிட்ட. ஆறாவது தகட்டில வேணுமெண்டே ஒரு பரீட்சை செய்தன். அடித்தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில முதல் பாதிக்கு மட்டும் மெல்லிய தகரத்துண்டு வைச்சன், மற்றப் பாதி அவ்வளவுக்குத் தாழ்ந்து நிக்கிற மாதிரி. அப்பாவுக்குச் சொல்லேல்லை. அவர் வழமை போல தூணில கை வைச்சுக்கொண்டு நிண்டார். மீற்றர் 3.1க்கு விழ, அவரும் கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். ரெண்டுக்கும் நடுவில ஒரு செக்கன் வித்தியாசம்கூட இல்லை. வெட்டிப் பாத்தன், அந்த இடத்தில இருந்து ஓட்டை. கொஞ்சம் முன்னுக்கு வெட்டின முகம் நிறைஞ்சு கிடந்தது. அந்த ரெண்டு துண்டையும் கோஸ்டிக் சோடாவில போட்டு வளையங்கள் தெரிய வைச்சு அப்பாவிட்டக் குடுத்தன். கனநேரம் வெளிச்சத்தில திருப்பித் திருப்பிப் பாத்தார். ஒரு காலத்தில இந்தக் கோஸ்டிக் சோடாவைப் பரந்தனிலேயே செய்தவை எண்டு மட்டும் சொன்னார்.

இப்ப ஒவ்வொரு ஒட்டுக்கும் 3.4க்குக் கீழ போனால் அந்த நீளத்தைச் சுண்ணக்கட்டியால குறிச்சு வைச்சுத் திரும்ப ஓட்டுறன். முடிவுத் துளை தகட்டில நிக்காமல் இருக்க, கடைசியில ஒரு கழிவுத்துண்டை முட்டவைச்சு அதுக்குள்ள ஓடி முடிச்சு, பிறகு வாளால அறுத்துவிடுறன். அரிசி ஆலையள் ஓடுற நேரம் வோல்ட் விழுந்து வி.எஃப்.டி. நிண்டு போகுது. நடு ஒட்டில நிண்டால் முளை தகட்டுக்க இறுகிப் போகும், அதால விடிய ஆறு மணிக்குத்தான் ஒட்டுறன்.

ஏழில இருந்து பத்து வரை நாலு தகடும் மண்ணெண்ணெய்க்கு நிண்டுட்டுது. ஒரு இரவு முழுக்க வைச்சும் சுண்ணாம்பு காய்ஞ்சபடி.

————

வடகடல்_தமிழன் எழுதியது:

பிள்ளை, அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. மூண்டு தட்டை நல்ல வேலை. நாங்களும் தடிச்ச தகட்டுக்குப் புரியோட தட்டையும் சேத்துத்தான் வைக்கிறது. முளையில அலுமினியம் ஒட்டி நிரம்பினால் சுரண்டாதேங்கோ, கோஸ்டிக் சோடாவிலயே ஊற விடுங்கோ. அது அலுமினியத்தைத் தின்னும், இரும்பைத் தொடாது.

ஒண்டு கேக்கோணும். மண்ணெண்ணெய் ஓட்டையைக் காட்டும். அடியில முட்டிக்கொண்டு மட்டும் நிண்டு ஒட்டாமல் விட்ட மயிரிழையைச் சில நேரம் காட்டாது. ஒட்டுக்குக் குறுக்க பட்டி வெட்டி, கீழ்ப்பக்கம் வெளிய பாக்கிற மாதிரி வளைச்சனீங்களோ?

————

பரந்தன்_பட்டறை எழுதியது:

இல்லை அண்ணை, நேற்று உங்கட எழுத்தைப் பாத்த பிறகுதான் வளைச்சன். பத்தாவது தகட்டில இருந்து 30 மி.மீ. அகலப் பட்டி மூண்டு: தொடக்கத்தில ஒண்டு, நடுவில ஒண்டு, முடிவில ஒண்டு. பிறஸ்ஸில உருளைக் கம்பி வைச்சு, கீழ்ப்பக்கம் வெளிய பாக்க வளைச்சம். நடுப் பட்டியும் முடிவுப் பட்டியும் லாடம் மாதிரி வளைஞ்சும் ஒரு கீறல் இல்லை. தொடக்கப் பட்டி அரைவாசி வளையேக்கயே கோட்டோட நேரா வெடிச்சுது. உள்முகம் பளபளப்பா இருக்கு, வெட்டின கரை அப்பிடியே தெரியுது.

————

அறிவியல்நகர்_பொறி எழுதியது:

அக்கா, அந்தப் பட்டி தொடக்கத்தில் இருந்து எத்தனை மி.மீ.க்குள் வந்தது? இறக்கினதும் எவ்வளவு நேரம் நிண்ட இடத்தில் சுத்த விடுறீங்கள்? கருவியும் அடித்தகடும் அந்த நேரம் குளிர். இரும்பு அடித்தகடு கீழ்ப்பக்கச் சூட்டை உறிஞ்சிறதால் மேலே இளகினாலும் அடி இளக நேரமெடுக்கும்.

————

பரந்தன்_பட்டறை எழுதியது:

முதல் 40 மி.மீ.க்குள்ள வந்த பட்டி. இறக்கி மூண்டு செக்கனில வைப்பர் மோட்டரைப் போட்டிட்டன். மீற்றர் வீடியோவைத் திரும்பப் பாத்தன்: அந்த இடத்தில 4.3 காட்டுது. குறையிறதை மட்டும் பாத்துக்கொண்டிருந்தனே தவிர, கூடினால் தகடு இன்னும் இளகேல்லை எண்டு யோசிக்கேல்லை.

பதினோராவது தகட்டுக்கு முன்னுக்கும் ஒரு கழிவுத்துண்டு முட்ட வைச்சு, அதுக்குள்ள முளையை இறக்கி, மீற்றர் 3.7க்கு வாற வரைக்கும் நிண்ட இடத்தில சுத்தவிட்டன். பன்ரெண்டு செக்கன் எடுத்துது. பிறகுதான் ஓட்டினன். இண்டைக்கு ரெண்டு பக்கக் கழிவையும் அறுத்து, முதல் 40 மி.மீ.யில இருந்து ஒரு பட்டி வெட்டி வைச்சிருக்கு. நாளைக்கு விடிய வளைச்சுப் பாத்துப்போட்டு எழுதிறன்.